நார்வுட் தலையில் கட்டிய தோல்வி

அமெரிக்கக் கால்பந்து பார்ப்பவர்கள் யாரிடமாவது ஸ்காட் நார்வுட் என்று சொல்லிப் பாருங்கள். ஏழு வருடம் பஃபலோ பில்ஸ் அணிக்கு ஆடியவர், 1988ல் லீகின் சிறந்த கிக்கராக ஆல்-ப்ரோ அணியில் இடம்பிடித்தவர் என்றெல்லாம் யாரும் சொல்லமாட்டார்கள். "வைடு ரைட்" (வலதுபக்கம் விலகிப் போனது) என்பார்கள், அவ்வளவுதான்.

1991 ஜனவரி 27, டாம்பா நகரம், லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல், 25வது. நியூயார்க் ஜயண்ட்ஸ் 20, பஃபலோ 19. ஆட்டம் முடிய எட்டு விநாடி. பந்து கம்பங்களுக்கு நடுவே போனால் 3 புள்ளி, பஃபலோவுக்கு வெற்றி. நார்வுட் 47 கெஜத்திலிருந்து உதைத்தார். உயரம் இருந்தது, தூரமும் இருந்தது. பந்து வலது கம்பத்துக்கு வெளியே போய்விட்டது. முப்பது வருடத்துக்கு மேலாகியும் பஃபலோவின் அந்தத் தோல்வி அவர் பெயரில்தான் எழுதப்படுகிறது. எனக்கு இது கொஞ்சமும் ஏற்புடையதாக இல்லை. அன்று பஃபலோ தோற்றதற்கான காரணங்களை வரிசைப்படுத்தினால் நார்வுட்டின் உதை மூன்றாவது இடத்துக்குக்கூட வராது.

இந்த விளையாட்டைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு அணியில் ஐம்பது பேருக்கு மேல் இருப்பார்கள். அதில் மூன்று பேர் தனி ஜாதி: கம்பத்துக்கு நடுவே உதைக்கும் கிக்கர், பந்தை எதிராளி பக்கம் தூரமாக உதைத்து அனுப்பும் பண்ட்டர், கால்களுக்கு நடுவே குனிந்து பின்னால் பந்தை எறியும் லாங் ஸ்னாப்பர். இவர்களைத்தான் ஸ்பெஷலிஸ்ட் என்கிறார்கள். மற்றவர்கள் முட்டி மோதிப் பயிற்சி செய்யும்போது இவர்கள் மைதானத்தின் ஓரத்தில் தனியாக உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆட்டத்தின்போதும் பெரும்பாலும் பெஞ்ச் பக்கம் நிற்க வேண்டியதுதான். "நீ நிஜமான ஆட்டக்காரனே இல்லை" என்ற கிண்டல் எப்போதும் உண்டு. ஆனால் கடைசி எட்டு விநாடி வந்துவிட்டால் மொத்த அணியின் விதியும் அந்த ஓரத்து ஆளின் காலில் வந்து நிற்கும்.

உதை என்பதும் தனி ஆளின் வேலை இல்லை. பந்து எதிராளியின் 29வது கெஜக் கோட்டில் இருந்தது. கோல் கம்பங்கள் கோல் கோட்டுக்குப் பத்து கெஜம் பின்னால் நிற்கும். பந்தைப் பிடித்து நிறுத்துபவர் ஏழெட்டு கெஜம் பின்னால் மண்டியிட்டிருப்பார். கூட்டினால் 47. ஆடம் லிங்னர் எறிய, ஃபிராங்க் ரைக் பிடித்துத் தரையில் நிறுத்த, நார்வுட் ஓடிவந்து உதைக்க வேண்டும். எல்லாம் சேர்த்து ஒன்றரை விநாடிக்குள் முடிந்தாக வேண்டும், இல்லையென்றால் எதிராளி மேலே விழுந்துவிடுவான். கம்பங்களுக்கு நடுவே இருக்கும் அகலம் பதினெட்டரை அடி.

பஃபலோவின் சொந்த மைதானம் அப்போது செயற்கைத் தரை. டாம்பாவில் இயற்கைப் புல். புல்தரையில் 40 கெஜத்துக்கு மேல் நார்வுட்டின் கணக்கு நன்றாக இல்லை என்பது பயிற்சியாளர்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. 47 கெஜம் அவருடைய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் தூரம். தூரம் போதாமல் போய்விடக்கூடாது என்று பலமாக உதைத்தார். வழக்கமாக உள்ளே வளைந்து வரும் பந்து அன்று வளையவில்லை. இதில் என்ன குற்றம் இருக்கிறது?

சரி, மீதி ஆட்டத்துக்கு வருவோம். அறுபது நிமிட ஆட்டத்தில் நியூயார்க் பந்தை வைத்திருந்த நேரம் 40 நிமிடம் 33 விநாடி. முந்தைய வாரம்தான் ரெய்டர்ஸ் அணியை 51-3 என்று துவைத்து எடுத்த பஃபலோவுக்கு அன்று பந்தே கிடைக்கவில்லை. பஃபலோவைக் கட்டிப்போட்ட அந்தத் திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் நியூயார்க்கின் தற்காப்புப் பயிற்சியாளர் பில் பெலிச்சிக். அவர் போட்ட திட்டக் குறிப்பு இன்று ஹால் ஆஃப் ஃபேம் காட்சியகத்தில் இருக்கிறது. எதிரணியின் மூளை என்று அதைக் கொண்டாடுகிறோம். அப்படியானால் அந்த மூளையிடம் தோற்ற பஃபலோவின் பயிற்சியாளர்கள் எங்கே போனார்கள்? அவர்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூன்றாவது கால் பகுதியில் நியூயார்க் ஒன்பதரை நிமிடம் விடாமல் பந்தை நகர்த்தியது. நடுவில் ஓரிடத்தில் பந்தைத் தொடர்ந்து வைத்திருக்க 13 கெஜம் தேவை. மார்க் இங்ரம் பந்தைப் பிடித்தபோது அந்தத் தூரத்துக்கு வெகு முன்னாலேயே நின்றார். வந்து விழுந்த பஃபலோ வீரர்கள் நான்கைந்து பேரை ஒருவர் பின் ஒருவராக உதறி, கடைசியில் ஒற்றைக்காலில் நொண்டியபடி 14 கெஜம் எடுத்துவிட்டார். வீடியோ கிடைக்கும், பாருங்கள். அந்த நான்கைந்து பேரில் ஒருவர் ஒழுங்காகப் பிடித்திருந்தால்கூட அந்த நகர்த்தலின் முடிவில் வந்த டச்டவுன் (பந்தை எதிராளியின் கோல் கோட்டுக்குள் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி) வந்திருக்காது. அவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

இன்னொன்று. இரண்டாவது கால் பகுதியில் ப்ரூஸ் ஸ்மித் நியூயார்க்கின் குவார்ட்டர்பேக் (தாக்குதலை நடத்துபவர்) ஜெஃப் ஹாஸ்டெட்லரை அவர்களுடைய கோல் கோட்டுக்குப் பின்னாலேயே பிடித்தார். பந்து வைத்திருந்த கையின் மணிக்கட்டையே பிடித்துவிட்டார். ஹாஸ்டெட்லர் எப்படியோ பந்தை விடாமல் விழுந்தார். பஃபலோவுக்கு 2 புள்ளி. பந்து நழுவி பஃபலோ கையில் சிக்கியிருந்தால் டச்டவுனும் அதன்பின் வரும் கூடுதல் உதையும் சேர்ந்து 7. ஒரே ஒரு புள்ளியில் முடிந்த ஆட்டம் இது. ஆனாலும் ஸ்மித்தை யாரும் குறை சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. அதே நியாயம் நார்வுட்டுக்கு ஏன் இல்லை?

"உதைப்பது ஒன்றுதானே அவன் வேலை, அதைக்கூடச் செய்யாவிட்டால் எதற்குச் சம்பளம்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆடம் வினடியேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 24 சீசன், 2,673 புள்ளி, லீக் வரலாற்றிலேயே அதிகம். 2002ல் அதே பெலிச்சிக்கின் நியூ இங்கிலாந்து அணிக்காகக் கடைசி விநாடியில் 48 கெஜம் உதைத்து சூப்பர் பௌலை வென்று கொடுத்தவர். நார்வுட்டைவிட ஒரு கெஜம் அதிகம்தான். ஆனால் அது கூரை போட்ட அரங்கம், செயற்கைத் தரை, ஆட்டம் 17-17 என்று சமநிலை. தவறவிட்டிருந்தால் கூடுதல் நேரம் போயிருக்கும். நார்வுட்டுக்கு அந்த வசதி இல்லை. அந்த வினடியேரியே தன் கடைசி சீசனான 2019ல், டச்டவுனுக்குப் பின் ஒரு புள்ளிக்காக உதைக்கும், கிக்கர்கள் தூக்கத்தில்கூடப் போடும் எக்ஸ்ட்ரா பாயின்ட் உதைகளில் ஆறைத் தவறவிட்டார். உதை என்றால் தவறவும் செய்யும்.

நம் பக்கத்தில் கிரிக்கெட் பந்துவீச்சாளர் சேத்தன் சர்மா. உலகக் கோப்பையின் முதல் ஹாட்ரிக் அவருடையது. ஆனால் பெயரைச் சொன்னதும் ஷார்ஜாவில் மியாந்தத் அடித்த அந்த சிக்ஸர்தான் ஞாபகம் வருகிறது. அவருக்காவது பேட்டிங், மற்ற ஓவர்கள் என்று ஈடுகட்ட இடம் இருந்தது. கிக்கருக்கு அதுவும் கிடையாது.

ஆட்டம் முடிந்தபின் நார்வுட் நடந்துகொண்ட விதம் எனக்கு அவர் மேல் இருந்த மதிப்பைக் கூட்டியது. உடைமாற்றும் அறையில் ஓடி ஒளியவில்லை. நிருபர்கள் திரும்பத் திரும்ப ஒரே கேள்வியைக் கேட்க, நின்று பதில் சொன்னார். மறுநாள் பஃபலோவில் நயாகரா சதுக்கத்தில் வரவேற்பு. தோற்ற அணிக்கு! பல்லாயிரம் பேர் குளிரில் கூடியிருந்தார்கள். நார்வுட் பின்வரிசையில் மறைந்து நின்றார். கூட்டம் "எங்களுக்கு ஸ்காட் வேண்டும்" என்று கத்த ஆரம்பித்தது, அவர் முன்னால் வரும்வரை விடவில்லை. வந்தார், கண்ணில் நீர், பேச்சு சரியாக வரவில்லை. இத்தனை அன்பை இதுவரை உணர்ந்ததில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார்.

ஊர் செய்ததை நிர்வாகம் செய்யவில்லை. அடுத்த சீசனில், 1992 ஜனவரியில், டென்வருக்கு எதிரான கான்ஃபரன்ஸ் இறுதி ஆட்டத்தில் (சூப்பர் பௌலுக்கு முந்தைய சுற்று) பஃபலோ 10-7 என்று ஜெயித்து மீண்டும் சூப்பர் பௌல் போனது. வித்தியாசம் 3 புள்ளி. அந்த 3 புள்ளி நார்வுட் 44 கெஜத்திலிருந்து உதைத்தது. இதை யாரும் சொல்வதில்லை என்பதுதான் என் ஆத்திரம். அந்த வருடமே ஸ்டீவ் கிறிஸ்டியைக் கொண்டுவந்து நார்வுட்டை விடுவித்தார்கள். அப்புறம் அவர் எந்த அணிக்கும் ஆடவில்லை. வர்ஜீனியாவுக்குத் திரும்பி இன்சூரன்ஸ், ரியல் எஸ்டேட் என்று வேலை பார்த்தார். அந்த சீசனில் அவரும் நிறையத் தவறவிட்டார், கிறிஸ்டி நல்ல கிக்கர், ஒத்துக்கொள்கிறேன். வியாபாரக் கணக்கில் அது சரியாகக்கூட இருக்கலாம்.

2016ல் மினசோட்டாவின் பிளேர் வால்ஷ் 27 கெஜத்தில் தவறவிட்டு சியாட்டிலிடம் 10-9 என்று தோற்றபோதும் இதே கதை. பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி செல்சியஸ் குளிர், மறுபக்கம் திரும்பியிருக்க வேண்டிய பந்தின் தையல் பக்கம் அவரைப் பார்த்து நின்றது. மினசோட்டா எடுத்த அந்த ஒன்பது புள்ளியும் வால்ஷ் உதைத்ததுதான்! மற்றவர்கள் ஆட்டம் முழுக்க ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. அங்கே ஒரு பள்ளியின் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அவருக்கு ஆறுதல் கடிதம் எழுதினார்கள், அவரும் நேரில் போய் நன்றி சொன்னார். அந்த ஆண்டு நவம்பரில் அணி அவரை அனுப்பிவிட்டது.

பஃபலோவுக்கு 2024 ஜனவரியில் மறுபடியும் அதே சோதனை. கன்சாஸ் சிட்டியிடம் 27-24 என்று பின்தங்கியிருந்தபோது டைலர் பாஸ் 44 கெஜத்திலிருந்து உதைத்தார். மறுபடியும் வலதுபக்கம். வசையும் மிரட்டலும் குவிய, சமூக ஊடகக் கணக்குகளை மூடினார். ஆனால் அதே ஊர்க்காரர்கள் அவர் ஆதரித்துவந்த பூனைக் காப்பகத்துக்கு ஆளுக்கு 22 டாலர் என்று அனுப்பத் தொடங்கினார்கள். அவருடைய சட்டை எண் 2. தொகை லட்சம் டாலரைத் தாண்டிப் போனது.

இந்தத் தடவை நிர்வாகமும் அவசரப்படவில்லை, பாஸை வைத்துக்கொண்டது. அந்த வருடம் நவம்பரில் மயாமிக்கு எதிராக ஆட்டம் 27-27, ஐந்து விநாடி பாக்கி. 61 கெஜத்திலிருந்து உதைத்தார். உள்ளே போனது. பஃபலோ அணியின் வரலாற்றிலேயே அதிக தூரம் அதுதான்.