ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் சரியாகிவிடுமாம்

இனி யாராவது என்னிடம் ‘ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க’ என்று சொன்னால், அந்த ரவுட்டரையே கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். மூன்று வாரமாக இதே பாட்டு. சேவை மையத்தில் இது, நண்பர்களிடம் இது, வீட்டில் இருப்பவர்களும் இப்போது இதையே சொல்லக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

நெட் மொத்தமாகச் செத்துப்போனால்கூடப் பரவாயில்லை. ஏதோ ஒன்று கெட்டுவிட்டது, ஆளைக் கூப்பிடலாம். விட்டு விட்டு வருகிறதே, அதுதான் கொடுமை. மீட்டிங்கில் முக்கியமான வாக்கியத்தின் நடுவில் வாயைத் திறந்தபடி உறைந்து போவேன். ஒரு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காதது போல் வந்து நிற்கும். பழுது பார்க்க ஆள் வந்தாலோ, அப்படி ஒரு சமர்த்து! ‘நல்லாத்தானே சார் இருக்கு’ என்று அவர் கிளம்பிப் போன பிறகுதான் அதற்கு மறுபடி உயிர் போகும்.

இந்த ரீஸ்டார்ட் வைத்தியத்தின் மீது எனக்கு ஏன் இவ்வளவு கடுப்பு தெரியுமா? பல வீட்டு ரவுட்டர்களில் நடந்ததெல்லாம் பதிவாகும் லாக் தற்காலிக நினைவகத்தில்தான் இருக்கும். அணைத்தால் அதுவும் போச்சு. திருடன் வந்துபோன வீட்டில் போலீஸ் வரும்முன் தரையைக் கழுவி விடுகிற கதை. அணைத்து எழுப்பியதும் அது வைஃபைக்கு வேறு சேனலை, அதாவது வேறு அலைத் தடத்தை, தேர்ந்தெடுத்துக்கொண்டு இரண்டு நாள் ஒழுங்காக ஓடும். நாமும் சரியாகிவிட்டது என்று ஏமாந்துபோவோம்.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். வைஃபையில் இருந்த மடிக்கணினியில், கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னல்கள் இரண்டைத் திறந்து, ஒன்றில் ரவுட்டரின் முகவரி 192.168.1.1, இன்னொன்றில் வெளியே இணையத்தில் இருக்கும் கூகுளின் பொது டிஎன்எஸ் (தளப் பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) 8.8.8.8, இரண்டுக்கும் பிங், அதாவது ‘இருக்கியா?’ என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் கட்டளையை, ஓடவிட்டேன். விண்டோஸில் பிங் நான்கு தடவை கேட்டுவிட்டு நின்றுவிடும். மைனஸ் டி (-t) சேர்த்தால்தான் நாம் நிறுத்தும்வரை விடாமல் கேட்கும். வெளி முகவரி மட்டும் பதில் தராவிட்டால் கோளாறு பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால். ரவுட்டரே பதில் தராவிட்டால் வீட்டுக்குள். இதைக் கண்டுபிடிக்க இவ்வளவுதான் வேலை. மூன்று வாரத்தில் ஒருவர் வாயிலாவது இது வந்திருக்கக் கூடாதா?

விழுந்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன. கேபிளில் மாட்டியிருந்த பழைய கணினியில் மட்டும் ஒரு பிங்கூடத் தவறவில்லை. ஆக, வைஃபை.

உடனே வீட்டில் மைக்ரோவேவ் அடுப்பின் மேல் பழி விழுந்தது. அது தொந்தரவு செய்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில். நான் இருந்ததோ 5-இல். பாவம் அந்த அடுப்பு, இரண்டு நாள் யாரும் அதைத் தொடவில்லை.

அடுத்த தடவை விழுந்ததும், அணைக்காமல், கேபிள் கணினியிலிருந்து ரவுட்டரின் லாக்கைத் திறந்தேன். ரேடார் கண்டறியப்பட்டதாம்! 5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களில் பெரும்பாலானவற்றைப் பல நாடுகளில் வானிலை ரேடார் போன்றவற்றோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ரேடார் போல ஏதாவது காதில் விழுந்தால் ரவுட்டர் அந்தச் சேனலை விட்டு உடனே விலக வேண்டும், அரை மணி நேரம் திரும்பக் கூடாது. அதே வகையில் வேறு சேனலுக்குப் போனால், அங்கும் குறைந்தது ஒரு நிமிடம் வாயை மூடிக் கேட்டுவிட்டுத்தான் பேச வேண்டும். என் மீட்டிங்கை விழுங்கிய அந்த ஒரு நிமிடம் இதுதான். என் ரவுட்டர், சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும் ‘ஆட்டோ’ புண்ணியத்தில் 100-இல் போய் உட்கார்ந்திருந்தது. அது கேட்டது நிஜ ரேடாரோ, வெறும் பிரமையோ, நான் அதை ரேடார் பங்கில் சேராத 36-இல் கட்டிப்போட்டுவிட்டேன்.

விதியின் மேல் எனக்குக் கோபமில்லை. ரேடார்தான் முக்கியம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெட்டியின் முகத்தில் அத்தனை விளக்குகள் கண்சிமிட்டுகின்றனவே, அதில் ஒன்றாவது இதைச் சொல்லக் கூடாதா?

சரி, முடிந்தது என்று நினைத்தேன். இரண்டே நாளில் மறுபடி. இந்த முறை செல்போன்களில் எல்லாம் நன்றாக ஓடியது, மடிக்கணினி மட்டும் விழுந்தது. விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரைத் திறந்து பார்த்தால், மின்சாரத்தை மிச்சப்படுத்த இதை அணைத்துக்கொள்ளலாம் என்று கணினிக்கு யாரோ அனுமதி கொடுத்து வைத்திருக்கிறார்கள். யாரைக் கேட்டு? டிக்கை எடுத்தேன், அடங்கியது. இரண்டு தனித்தனிக் கோளாறுகளை ஒன்றென்று எண்ணித்தான் இத்தனை நாள் தலையை உடைத்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று இரவு இன்னொரு தடவை போனது. ஜன்னல்களைப் பார்த்தேன். 192.168.1.1 ஜம்மென்று பதில் சொல்கிறது, 8.8.8.8 மட்டும் இல்லை. கேபிள் கணினியிலும் அப்படியே. வாழ்க்கையில் முதல் முறையாகக் கையில் சாட்சியோடு சேவை மையத்துக்கு போன் போட்டேன். ரவுட்டர் வரை எல்லாம் சரி, அதற்கு வெளியேதான் கோளாறு என்று நேரத்தோடு, விவரத்தோடு ஒவ்வொன்றாகச் சொன்னேன். எதிர்முனையில் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

‘ஓகே சார், புரியுது. ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி…’