சாக்கடையைக் கால்வாயில் விட்டால் வாயைத் திறந்து சொல்லுங்கள்!

மழை பேஞ்சு ஒரு மாசம் ஆன பிறகும் சென்னை வியாசர்பாடிப் பக்கம் மழைநீர் வடிகால் கன்னங்கரேலென்று நுரை தள்ளி ஓடுகிறது என்றால், அது மழைத்தண்ணியா? பீத்தண்ணி! நேரே கேப்டன் காட்டன் கால்வாய், அங்கிருந்து பக்கிங்ஹாம் கால்வாய், கடைசியில் எண்ணூர் முகத்துவாரம். அங்கே இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிற சனத்துக்கு, 'இன்னிக்கு இறங்காதீங்க' என்று சொல்ல ஒரு ஆள் கிடையாது.

தெரியாமல் நடக்கிற காரியமா இது? சாக்கடையைத் தள்ளுகிற பம்பிங் ஸ்டேஷனில் கரண்ட் போய் ஜெனரேட்டர் கிளம்பாமல் போகும். இல்லையென்றால் சல்லடையைத் தாண்டி வந்த துணியும் நாப்கினும் பம்புக்குள் சுழலும் இறக்கையில் (இம்பெல்லர்) சுற்றிக்கொள்ளும். கழிவு வந்து சேரும் கிணற்றில் மட்டம் ஏறும், குழாயில் கழிவு எதிர்த்து வரும், இருப்பதிலேயே பள்ளமான தெருவில் மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கும், பக்கத்து வடிகாலில் விழும். பம்ப் எத்தனை மணிக்கு நின்றது, எத்தனை மணிக்குத் திரும்ப ஓடியது என்று அங்கே டியூட்டியில் இருப்பவருக்குத் தெரியும். விநாடிக்கு 50 லிட்டர் தள்ளுகிற பம்ப் 1 மணி நேரம் நின்றால் 1,80,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 15 லாரி! இந்தப் பெருக்கலைப் போட்டு ஒரு போர்டில் எழுத என்ன கஷ்டம்?

புகார் சொல்லப் போனால் அது தனி அவஸ்தை. பாதாளச் சாக்கடைக்குப் போன் நம்பர் 1916, மழைநீர் வடிகாலுக்கு 1913. சாக்கடையே வடிகாலில் ஓடினால் இங்கே கேட்டால் அங்கே, அங்கே கேட்டால் இங்கே. அதனால் இரண்டு இடத்திலும் பதிந்து இரண்டு புகார் எண்ணையும் வாங்கி வையுங்கள். பொங்குகிற வட்ட மூடி, அது போய் விழுகிற வடிகால், பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண், மூன்றும் போட்டோவில் தெரியட்டும். நேரத்தையும் எழுதுங்கள். ஏனென்றால் அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டி வந்து குத்திவிட்டுப் போனதும் 'அடைப்பு நீக்கப்பட்டது' என்று புகாரை மூடிவிடுவார்கள். கால்வாயில் கலந்தது எங்கேயும் பதிவாகாது. வயிறு எரிகிறது!

1974ஆம் வருஷத்து நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தில் 31ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. விபத்தாலோ எதிர்பாராமலோ கழிவு நீர்நிலையில் கலந்தால், கலக்கும் நிலை வந்தாலே கூட, அந்த இடத்தின் பொறுப்பாளர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். சரி, ஆபீசுக்கு ஆபீஸ் சொல்லிக்கொள்வார்கள். கரையில் வலையோடு நிற்பவருக்கு யார் சொல்வது? நியூயார்க் மாநிலத்தில் 2012லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: சுத்திகரிக்காத கழிவு வெளியேறியது தெரிந்தால் 2 மணி நேரத்துக்குள் அதிகாரிகளுக்கு, 4 மணி நேரத்துக்குள் மக்களுக்கு. இங்கிலாந்தில் மழைத்தண்ணி தாங்காமல் சாக்கடை வழிந்து நீர்நிலையில் விழுந்தால், தொடங்கிய 1 மணி நேரத்துக்குள் அதை வெளியிட வேண்டும்.

இங்கே கேட்பது பெரிய தொழில்நுட்பம் இல்லை. பாலத்துக்குப் பாலம் ஒரு போர்டு, மீனவக் குப்பங்களுக்கு ஒரு எஸ்எம்எஸ். எந்த இடம், எத்தனை மணிக்கு ஆரம்பம், எவ்வளவு, நின்றதா இல்லையா, அவ்வளவுதான். அதிலும் 'நின்றுவிட்டது' என்று மட்டும் போட்டுவிட்டுப் போர்டைக் கழற்றக் கூடாது. கடல் ஏறும் நேரத்தில் முகத்துவாரத்துத் தண்ணீர் எதிர்த்து உள்ளே வரும், விட்ட சாக்கடை வெளியே போகாமல் அங்கேயே தேங்கும். தண்ணீரை எடுத்து மலக்கிருமி சோதனை செய்து, முடிவையும் அதே போர்டில் எழுதிய பிறகு கழற்றட்டும்.