'நோவா' கார் பெயரால் தோற்ற கதை: உண்மை என்ன?

"செவ்ரோலே நிறுவனம் நோவா என்ற காரை லத்தீன் அமெரிக்காவில் விளம்பரம் செய்தது. ஸ்பானிஷில் 'நோ வா' என்றால் 'போகாது'. ஒருவரும் வாங்கவில்லை. பெயரைக் 'கரீபே' என்று மாற்றிய பிறகுதான் விற்றது." விளம்பர உலகின் பெரிய சொதப்பல் என்று வாட்ஸ்அப்பில் இது மறுபடி சுற்றுகிறது.

நல்ல கதைதான், ஆனால் நடக்கவில்லை. 1970களில் மெக்சிகோவிலும் வெனிசுலாவிலும் அந்தக் கார் நோவா என்ற பெயரிலேயே நன்றாக விற்றது. வெனிசுலாவில் நிறுவனம் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே போனது. 'கரீபே' செவ்ரோலேயின் பெயரே இல்லை. ஃபோக்ஸ்வாகன் தன் கோல்ஃப் காருக்கு மெக்சிகோவில் வைத்த பெயர் அது.

அப்புறம் அந்தச் சொல். ஸ்பானிஷில் 'நோவா' ஒற்றைச் சொல், அழுத்தம் முதல் அசையில். 'நோ வா' இரண்டு சொற்கள், அழுத்தம் 'வா'வில். தாமரை என்று கேட்டதும் நாம் 'தா, மரை' என்று பிரித்து, தாவும் மானையா நினைக்கிறோம்? வண்டி ஓடவில்லை என்பதற்கு ஸ்பானிஷ் பேசுபவர்கள் சாதாரணமாகச் சொல்வதும் வேறு சொற்கள். இதைவிட ஒன்று: மெக்சிகோவின் அரசு எண்ணெய் நிறுவனமான பெமெக்ஸ், 'நோவா' என்ற பெயரிலேயே பெட்ரோல் விற்றது. மக்கள் அதைத்தான் நிரப்பிக்கொண்டு போனார்கள்.

சரிபார்க்க விரும்பினால், வதந்திகளை ஆராயும் ஸ்னோப்ஸ் இணையதளத்தில் விரிவான கட்டுரை இருக்கிறது. மார்க்கெட்டிங் வகுப்புகளில்கூட இதைச் சொல்கிறார்கள் என்பதால் நம்பியவர்கள்மேல் தவறில்லை. இனி வந்தால் மட்டும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.