எண்ணிக் காட்டிய துறவி

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 13-ஆம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கோயில் ஒன்று இப்போது புத்தகக் கடையாக இருக்கிறது. அதன் படத்தைப் போன வாரம் யாரோ பகிர்ந்திருந்தார்கள். கீழே ஒரே ஆரவாரம்: பார்த்தீர்களா, ஐரோப்பாவில் மதத்தின் கதை முடிந்தது என்று. படம் அழகுதான். ஆனால் டொமினிக்கன் என்ற துறவற சபையின் அந்தக் கோயிலில் பூசை நின்றது 1790-களில், பிரெஞ்சுப் படை நுழைந்தபோது. நடுவில் சைக்கிள் போட்டு வைக்கும் கொட்டகையாகக்கூட இருந்தது. புத்தகக் கடை வந்தது அண்மையில்தான்.

நெதர்லாந்தில் கோயில்கள் காலியானது பொய்யில்லை. அதைப் புரிந்துகொள்ள ஒரு படம் போதாது, ஒரு மனிதரைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். பெயர் வால்டர் கொடைன் (1921–2007). பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்த துறவி, சமயச் சமூகவியலாளர். காலையில் பூசை வைத்துவிட்டு, அப்புறம் பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள், ஏன் வருகிறார்கள் என்று கணக்குப் பார்க்கிற வேலை. மதத்தை ஆராய்கிறவர் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும் என்பவர்களுக்கு இவரைக் காட்டுவது எனக்குப் பிடிக்கும்.

1957-ல் வெளிவந்த அவருடைய ஆய்வு, ஃப்ரீஸ்லாந்து மாகாணத்தில் புரொட்டஸ்டன்ட் பெரும்பான்மைக்கு நடுவே வாழ்ந்த கத்தோலிக்கரைப் பற்றியது. பழைய டச்சுக் குடியரசில் கத்தோலிக்கர் வெளிப்படையாக வழிபட முடியாது. ஆம்ஸ்டர்டாமில் ஒரு வணிகரின் வீட்டுப் பரணில் கட்டிய கோயில் இன்றும் இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் சாதாரண வீடு, மாடியேறிப் போனால் பலிபீடம். சட்டத்தடை போன பிறகும் அப்படி ஒதுங்கி வாழும் பழக்கம் மனதில் எப்படித் தங்கிவிடுகிறது என்பதுதான் கொடைனின் கேள்வி.

தங்கியது கொஞ்சநஞ்சமல்ல. கத்தோலிக்கருக்குத் தனிப் பள்ளி, தனிக் கட்சி, தனிச் செய்தித்தாள், தனி வானொலி. 1954-ல் ஆயர்கள், அதாவது கத்தோலிக்க மறைமாவட்டத் தலைவர்கள், ஒரு சுற்றறிக்கை விட்டார்கள்: சோஷலிசத் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவருக்கு நற்கருணை போன்ற திருவருட்சாதனங்கள் கிடையாது, அப்படியே இறந்தால் கோயில் அடக்கமும் கிடையாது. 'வாரா' என்ற சோஷலிச வானொலியைத் தவறாமல் கேட்பதும் தடை. வீட்டு ரேடியோவின் குமிழை எந்தப் பக்கம் திருப்புவது என்பதுவரை ஆயர் சொன்ன காலம்!

பன்னிரண்டே ஆண்டுகளில் அதே நாடு தலைகீழானது. திருச்சபையைப் புதுப்பிக்க உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் முடிந்ததும், 1966-ல் கர்தினால் ஆல்ஃப்ரிங்க் தலைமையில் டச்சுத் திருச்சபை ஒரு மேய்ப்புப்பணிப் பேரவையைத் தொடங்கியது. நோர்ட்வைக்கர்ஹவுட் என்ற ஊரில் ஆயர்களோடு குருக்கள், கன்னியர், பொதுநிலையினர் என்னும் சாதாரண மக்கள் எல்லாரும் ஒரே மண்டபத்தில் உட்கார்ந்து விவாதித்தார்கள். அதன் செயலர் கொடைன்தான். ஆயர் பேசுவதை மக்கள் கேட்பார்கள் என்ற வழக்கத்தை மாற்றி, மக்கள் பேசுவதை ஆயர் கேட்கும்படி நாற்காலி போட்டவர் என்று சொல்லலாம்.

1970 ஜனவரியில் பேரவை, குருக்கள் திருமணம் செய்யக்கூடாது என்ற கட்டாய மணத்துறவு வேண்டாம் என்று பெரும்பான்மையாக வாக்களித்தது. அதோடு உரோமையின் பொறுமை போயிற்று. திருத்தந்தை ஆறாம் பவுல் வெளிப்படையாகவே மறுத்தார். அதே ஆண்டு இறுதியில் ரோட்டர்டாமுக்கு சிமோனிஸ், 1972-ல் ரூர்மொண்டுக்கு கைசன் என்று பழமைவாதிகளை ஆயர்களாக நியமித்தார். பேரவையை நிரந்தர அமைப்பாக்கும் திட்டத்துக்கும் தடை வந்தது. கொடைன் நடந்ததை ஒரு நூலாக எழுதினார். ஆங்கிலத்தில் அதன் தலைப்பு 'தள்ளிப்போடப்பட்ட புரட்சி' என்ற பொருளில் வந்தது. பிறகு டில்பர்க்கில் பேராசிரியராக நெடுநாள் பணியாற்றினார்.

இதைப் படித்துவிட்டுப் பலர் சொல்வது: உரோமை கதவைச் சாத்தியது, அதனால்தான் மக்கள் போனார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அதே நாட்டில் புரொட்டஸ்டன்ட் சபைகளும் காலியாயின. பெரிய சபையான ஹெர்ஃபார்ம்டு சபை கத்தோலிக்கருக்கு முன்பே ஆட்களை இழக்கத் தொடங்கியது. அங்கே போதகர் திருமணம் செய்துகொள்ளலாம், உத்தரவு போடத் திருத்தந்தையும் இல்லை. கேட்டதெல்லாம் கிடைத்த வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வெளியேறினால், கிடைக்காததுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? கொடைனின் கோபம் நியாயமானது. உரோமை அந்த மண்டபத்தை மூடியதும் தப்புதான். ஆனால் அது மூடாமல் இருந்திருந்தால் கோயில் நிறைந்திருக்கும் என்பதை நான் நம்பவில்லை.

கொடைன் மறுபடி எண்ணப் போனார் என்பதால்தான் அவர்மேல் எனக்கு இவ்வளவு மரியாதை. 1966-ல் 'மார்கிரீட்' என்ற பெண்கள் வார இதழ், நெதர்லாந்தில் கடவுள் நம்பிக்கை பற்றி ஒரு பெரிய கணக்கெடுப்பு நடத்தச் செய்தது. ஆமாம், கோலம்-சமையல் குறிப்பு ரக இதழ்தான்! எந்தச் சபையிலும் சேராதவர்கள் அப்போது நூற்றுக்கு 33. 1979-ல் அதே கேள்விகளோடு திரும்பப் போன குழுவில் கொடைனும் ஒருவர். 43 ஆகியிருந்தது. அந்த எண் அவருக்கு இனித்திருக்காது. அப்படியே அச்சிட்டார். 1996-ல் 53, 2006-ல் 61. அடுத்த ஆண்டு அவர் இறந்தார். 2015-ல் கேள்வித்தாள் மறுபடி போனபோது 67-ஐத் தாண்டியிருந்தது.