ஷாக்கின் நீளம் வேறு, வண்டி நிற்கும் உயரம் வேறு

போன ஞாயிறு காலை, புதிதாக எங்களோடு சேர்ந்த தம்பி ஒருவர் தன் ரிமோட் ராக் கிராலரை, அதாவது பாறை ஏறும் பொம்மை வண்டியை, பாறைக்குக் கொண்டுவந்தார். நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு (1/10) அளவு. ஷாக் என்பது சக்கரம் ஏறி இறங்கும்போது நீண்டு சுருங்கும், ஸ்பிரிங் மாட்டிய எண்ணெய்க் குழாய். வண்டியோடு வந்த 90 மி.மீ. ஷாக்கைக் கழற்றிவிட்டு 110 மி.மீ. ஷாக் போட்டிருந்தார். பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. முதல் பக்கச்சரிவிலேயே உருண்டது. நிமிர்த்தி நேராக ஏற்றினார். முன்சக்கரம் இரண்டும் எழும்பி மல்லாக்க விழுந்தது.

"உயரமா இருந்தா பாறையில இடிக்காதுன்னு நெனச்சேண்ணா" என்றார். அவர் முகம் வாடிப்போனதைப் பார்த்ததிலிருந்து இதை எழுதிவிட வேண்டும் என்றே இருக்கிறது.

இந்த வண்டிகளில் இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் ஒரே ஆக்சில்தான் இணைக்கிறது. ஷாக்கை எவ்வளவு நீளமாகப் போட்டாலும் அந்த ஆக்சிலில் இருக்கும் கியர் உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. அதை உயர்த்த பெரிய டயர் வேண்டும். இல்லையென்றால் போர்ட்டல் ஆக்சில் வேண்டும். 2017-இல் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 வண்டியிலும் 2020-இல் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10 மூன்றாம் பதிப்பிலும் வந்தது அதுதான். சக்கரத்துக்குப் பக்கத்தில் கூடுதல் கியர் வைத்து, ஆக்சிலையே சக்கரத்தின் மையத்துக்கு மேலே தூக்கிவிடுவார்கள். நீள ஷாக் தூக்குவது வயிற்றில் இருக்கும் அடித்தகடான ஸ்கிட் பிளேட்டையும் அதற்கு மேலே உள்ள மோட்டார், பேட்டரி, பாடி எல்லாவற்றையும். எடை மேலே போய்விடுகிறது.

ஒரு சின்னக் கணக்கு. இரண்டு டயர்களின் நடுவுக்கு நடு 190 மி.மீ., எடையின் மையம் தரையிலிருந்து 95 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 45 டிகிரி சாய்வு வரை வண்டி நிற்கும். மையம் 10 மி.மீ. ஏறினால் 42. 10 மி.மீ. இறங்கினால் 48. பாறை மேல் அந்த ஆறு டிகிரி பெரிய விஷயம். ஸ்பிரிங் அமுங்கிப் பாடியும் சாய்வதால் நிஜத்தில் இதற்கு முன்பே கவிழ்ந்துவிடும்.

பலர் குழப்பிக்கொள்வது இங்கேதான். ஷாக்கின் நீளம், சக்கரம் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதற்கான எல்லை. அந்த எல்லைக்குள் வண்டி எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது ஸ்பிரிங்கும் அதை இறுக்கும் வளையமும். தம்பியின் வண்டியை விரலால் அழுத்திப் பார்த்தேன், கல் மாதிரி இருந்தது. ஷாக் முழுக்க நீண்டுதான் நின்றது. சக்கரம் பள்ளத்துக்குள் இறங்க மிச்சமே இல்லை. அவ்வளவு நீள ஷாக் இருந்தும் ஒரு பயனும் இல்லை. அடியில் பார்த்தால், ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் டிரைவ்ஷாஃப்ட்டின் இரண்டு குழாய்களும் நுனியில்தான் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன. இன்னும் இரண்டு ஏற்றம் ஏறியிருந்தால் கழன்றிருக்கும்.

சரி என்று அங்கேயே துண்டை விரித்து உட்கார்ந்தோம். பழைய 90 மி.மீ. ஷாக் அவர் பெட்டியிலேயே இருந்தது. மெல்லிய ஸ்பிரிங் போட்டு, வளையத்தை முழுக்கத் தளர்த்தினோம். அப்புறம் அளவு. சமதளத்தில் ஸ்கிட் பிளேட் உயரத்தைக் குறித்துக்கொண்டு, டயர் தரையை விடப்போகும் வரை பாடியைத் தூக்கி அளந்தோம். அது தொங்கும் பங்கு. அடிவரை அழுத்தினால் அமுங்கும் பங்கு. என் பழக்கம், மொத்த அசைவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே தொங்குவதற்கு விடுவது. வண்டி தாழ்ந்து நிற்கும், சக்கரமும் பள்ளத்தைத் தேடிப் பிடிக்கும்.

முன்பக்கம் மட்டும் வேறு கதை. செங்குத்தாக ஏறும்போது எடை பின்னால் போகும், முன் ஷாக் நீளும், மூக்கு எழும்பும். அதனால் முன் ஷாக் இரண்டிலும் தொங்கலைக் குறைத்தேன். எண்ணெயை வடித்து, கீழ்முனையைக் கழற்றி, தண்டை மேல்வழியாக உருவி, பிஸ்டனுக்கு அடியில் 5 மி.மீ. ரப்பர் குழாய்த் துண்டு ஒன்றைக் கோர்த்தேன். தண்டை வெறும் பிளையரால் பிடிக்காதீர்கள், துணி சுற்றிப் பிடியுங்கள். ஒரு கீறல் விழுந்தால் எண்ணெயை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைத் தின்றுவிடும், பிறகு எண்ணெய் கசிந்துகொண்டே இருக்கும். மறுபடி எண்ணெய் ஊற்றியதும் பிஸ்டனை மெதுவாக ஏற்றி இறக்கி, குமிழ் எல்லாம் மேலே வரும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு மூடினால் உள்ளே காற்று நின்றுவிடும்.

நீள ஷாக் வாங்கக் காசு எடுக்கும் முன், தயவுசெய்து ஒரு ஸ்கேலை எடுத்து, தொங்கும் பங்கு, அமுங்கும் பங்கு இரண்டையும் அளந்து பாருங்கள். காசை மெல்லிய ஸ்பிரிங்குக்கும் முன்சக்கரத்துக்குள் வைக்கும் பித்தளை எடைக்கும் செலவழிக்கலாம்.

பக்கச்சரிவில் தம்பியின் வண்டி மேல்பக்க டயர் லேசாகத் தூக்க நின்றது, பிறகு ஊர்ந்து தாண்டியது. ஏற்றத்தில் மூன்றாவது முயற்சியில் மூக்கை இறக்கிக்கொண்டே மேலே போய்ச் சேர்ந்தது. பின்பக்கம் இன்னும் கொஞ்சம் உயரமாகத்தான் இருக்கிறது. வரும் ஞாயிறு அதைப் பிரிக்கப் போகிறோம்.