குழந்தை ஞானஸ்நானம் மென்னோனைட் வழக்கம் இல்லை

மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவின் கட்டுப்பாடான வீடுகளில் குழந்தை பிறந்ததுமே ஞானஸ்நானம் கொடுத்துச் சபையில் கட்டிப்போட்டுவிடுவார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்மை இதற்கு நேர் எதிர். குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்ததில்தான் இந்த மரபே பிறந்தது. 1525-இல் ஜூரிச்சில் சிலர், பெரியவர்களான பிறகு தாங்களே விரும்பி ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான ஃபெலிக்ஸ் மான்ஸை 1527-இல் லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். பின்னால் வந்து சேர்ந்த டச்சுப் பாதிரியார் மென்னோ சைமன்ஸின் பெயர் இவர்களுக்கு நிலைத்தது.

சபை நீக்கம் என்ற தண்டனையும் ஞானஸ்நானத்தில் வாக்குக் கொடுத்தவருக்குத்தான். அதை எடுக்காமலே வெளியேறும் பிள்ளையை எப்படி நீக்குவது? அவர் உறுப்பினரே இல்லையே.

அதற்காக அந்தப் பிள்ளைகளுக்கு முழுச் சுதந்திரம் என்று நான் சொல்ல வரவில்லை. பொலிவியாவில் 'பழைய காலனி' எனப்படும் கட்டுப்பாடான மென்னோனைட் குடியிருப்புகளில் ஞானஸ்நானம் எடுக்காமல் சபையில் கல்யாணம் நடக்காது. பள்ளிப் படிப்பு 12, 13 வயதோடு முடிந்துவிடும். வீட்டில் பேசுவது தாழ் ஜெர்மன் என்ற வட்டார மொழி, பாடத்தில் எழுத்து மொழியான உயர் ஜெர்மன். நாட்டு மொழியான ஸ்பானிஷ் சரியாகத் தெரியாத ஒரு பெண் வெளியே போய் எப்படிப் பிழைப்பாள்? கோபப்பட வேண்டியது இதற்குத்தான்.

அப்புறம், எல்லா மென்னோனைட்டுகளும் கார் வேண்டாமென்று குதிரை வண்டியில் போகிறவர்கள் இல்லை. பெரும்பாலோர் மற்ற கிறிஸ்தவர்களைப் போலத்தான் வாழ்கிறார்கள். தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கம்கூட மென்னோனைட் சபைகள் உண்டு.