நகத்துக்கு மருந்து இருக்கா அண்ணா?

(கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு மெடிக்கல் ஷாப். ஆனி மாதத்து மதியம். கூழ் ஃபேக்டரிக்குப் போகிற மாங்காய் லாரி ஒன்று கடை வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. வேறு யாரும் உள்ளே வர வழியில்லை. பேச்சு இவ்வளவு நீண்டதற்கு அந்த லாரிதான் காரணம். கடைக்காரர் செல்வம். வந்திருப்பவர் கவிதா, ஓசூரில் ஒரு கம்பெனியில் ரிசப்ஷன் வேலை. இரண்டு கைகளையும் துப்பட்டாவுக்குள் மறைத்திருக்கிறார்.)

செல்வம்: என்னம்மா, கையில் அடியா?

கவிதா: அடி இல்லைங்கண்ணா. நகம்.

செல்வம்: நகச்சுற்றா? எலுமிச்சம்பழம் சொருகிப் பார்த்தியா?

கவிதா: பத்து விரலும் அண்ணா.

செல்வம்: அப்போ கூடையோடுதான் வாங்கணும். சரி, காட்டு.

(கவிதா ஒரு கையை வெளியே எடுக்கிறார். நகங்கள் நுனியில் ஏடு ஏடாகப் பிரிந்திருக்கின்றன. நடுவில் வெள்ளை வெள்ளையாகச் சுரண்டின தடம். கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் நூல் மாட்டி, கையோடு துப்பட்டாவும் சேர்ந்து வருகிறது.)

செல்வம்: எவ்வளவு நாளா இந்தக் கூத்து?

கவிதா: கல்யாணத்துக்கு முன்னாடியே ஆரம்பித்ததுண்ணா. பார்லரில் மூணு வாரத்துக்கு ஒரு தடவை நகத்துக்கு ஜெல் பாலிஷ். தீபாவளி, பொங்கல் என்றால் அக்ரிலிக் செயற்கை நகம்.

செல்வம்: அதை எடுக்கும்போது என்ன செய்வாங்க?

கவிதா: மெஷின் வைத்து ராவுவாங்க. அப்புறம் அசிட்டோனில் ஊற வைப்பாங்க. அதுக்கெல்லாம் நேரமில்லை என்றால் பஸ்ஸில் உட்கார்ந்து நானே உரித்துவிடுவேன். ஓசூரில் ஏறினால் சூளகிரி வருவதற்குள் ஒரு கை முடிந்துவிடும்.

செல்வம்: அங்கேதான் போச்சு. ஜெல் தனியா வராதும்மா. நகத்தோட மேல் ஏட்டையும் பிடித்துக்கொண்டுதான் வரும். நீ உரித்தது பாதி ஜெல், பாதி நகம்.

கவிதா: அதனால்தான் உரிக்கும்போது அவ்வளவு திருப்தியா இருந்ததா!

செல்வம்: இப்போ என்ன வேணும்?

கவிதா: நல்லதா, விலை கூடினதா ஒண்ணு கொடுங்க. பார்லரில் 'ரிப்பேர் ட்ரீட்மெண்ட்' இருக்கு, ஆறு சிட்டிங் என்றாங்க.

செல்வம்: எதை ரிப்பேர் செய்வாங்க? வெளியே தெரிகிற நகம் செத்த பொருள். வெறும் கெரட்டின் என்கிற புரதம். உயிர் இருக்கிறதெல்லாம் நகக்கண்ணுக்குப் பின்னாடி, தோலுக்கு அடியில். வெளியே வந்த நகத்தில் எதைத் தடவினாலும் போன ஏடு திரும்பி ஒட்டாது. அது வளர்ந்து முன்னாடி வரணும், நாம் வெட்டிப் போடணும். அவ்வளவுதான் வைத்தியம்.

கவிதா: எத்தனை நாளாகும்?

செல்வம்: கைவிரல் நகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் வளரும். முழுசா மாற ஆறு மாசம்.

கவிதா: ஐயோ! ஆவணியில் தம்பி கல்யாணம்!

செல்வம்: ஆவணிக்கு மூணில் ஒரு பங்கு நகம்தான் புதுசா வந்திருக்கும். மீதி பழசு.

கவிதா: கால்?

செல்வம்: காலையும் விட்டு வைக்கலையா?

கவிதா: காம்போ ஆஃபர்ணா.

செல்வம்: கால் நகம் இன்னும் மெதுவு. ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் ஆகும்.

கவிதா: அப்போ காலை அடுத்த கல்யாணத்துக்குத்தான் காட்ட முடியும்.

செல்வம்: அடுத்து யாருக்கு?

கவிதா: சித்தி பொண்ணுக்கு. இன்னும் மாப்பிள்ளை அமையலை.

செல்வம்: அவசரப்பட வேண்டாம் என்று சித்தியிடம் சொல்லு.

(லாரி டிரைவர் ஹாரன் அடிக்கிறார். முன்னால் இன்னும் மூன்று லாரிகள் நிற்கின்றன. யாருக்காக அடிக்கிறார் என்று தெரியவில்லை.)

கவிதா: பயோட்டின் மாத்திரையாவது கொடுங்க. பெரிய டப்பா.

செல்வம்: பயோட்டின் ஒரு வைட்டமின். உடம்பில் அது குறைவா இருந்தால்தான் மாத்திரைக்கு வேலை. அது அப்படிச் சுலபத்தில் குறையாது. நீ தைராய்டு மாத்திரை வாங்குகிறாய் இல்லை?

கவிதா: ஆமா.

செல்வம்: பயோட்டின் அதிகமாப் போட்டுக்கொண்டு ரத்தம் கொடுத்தால் தைராய்டு ரிசல்ட் தப்பாக் காட்டும். அமெரிக்காவில் மருந்துகளைக் கண்காணிக்கிற எஃப்டிஏ 2017-லேயே எச்சரிக்கை விட்டது.

கவிதா: கால்சியம்? நகத்தில் வெள்ளைப் புள்ளி இருக்கே.

செல்வம்: வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் எங்கேயாவது இடித்துக்கொண்டதால் வருவது. நகத்தில் கால்சியம் ரொம்பக் கொஞ்சம்தான்.

கவிதா: என்னண்ணா, எதைக் கேட்டாலும் இல்லை என்கிறீங்க! வியாபாரம் செய்கிற எண்ணம் இருக்கா இல்லையா?

செல்வம்: என் வீட்டுக்காரியும் தினமும் இதைத்தான் கேட்கிறாள். ஒண்ணு சொல்லு, விரல் நுனி அரிக்குதா? கண் இமை?

கவிதா: நகத்தைக் கேட்டால் கண்ணுக்குப் போறீங்க?

செல்வம்: ஜெல்லில், அக்ரிலிக்கில் அக்ரிலேட் என்று ஒரு வகை ரசாயனம் இருக்கு. சில பேருக்கு அது அலர்ஜி ஆகிவிடும். அதே கையால் கண்ணைத் தொடுவோம் இல்லையா, இமை வீங்கும். ஒருதரம் வந்தால் ஆயுசுக்கும் விடாது. பல் அடைக்கிறாங்களே, அந்தச் சாமானிலும் அதே வகைதான்.

கவிதா: அரிப்பெல்லாம் இல்லைண்ணா. ஆனால் நீங்க சொன்னதும் அரிக்குது.

செல்வம்: ஜெல்லை இறுக வைக்கப் போடுகிற டிபிஓ என்கிற பொருளை ஐரோப்பாவில் 2025 செப்டம்பர் 1 முதல் தடையே செய்துவிட்டாங்க.

கவிதா: எங்க அம்மா 2019-லேயே தடை செய்தாங்க. யார் கேட்டது?

(செல்வம் அலமாரியின் கீழ்த்தட்டில் கை விட்டு ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசையில் வைக்கிறார்.)

கவிதா: இது என்ன?

செல்வம்: பெட்ரோலியம் ஜெல்லி. ராத்திரி படுக்கும்போது நகத்திலும் நகக்கண்ணிலும் தடவு. ஈரம் போகாமல் காக்கும், ஏடு பிரிவது குறையும். நகத்தை ஒட்ட வெட்டு. ராவினால் ஒரே பக்கமாக ராவு. நகக்கண்ணை ஒட்டின தோலை வெட்டாதே, அது கிருமி போகாமல் அடைக்கிற கதவு.

கவிதா: எவ்வளவு?

செல்வம்: பத்து ரூபாய்.

கவிதா: ஒரு விரலுக்கா?

செல்வம்: டப்பாவே பத்து ரூபாய்.

கவிதா: அண்ணா, இதைக் கெடுக்க நான் எவ்வளவு செலவு செய்திருக்கேன் தெரியுமா? ஒரு வண்டிக்கு முன்பணம் கட்டியிருக்கலாம். அதைப் பத்து ரூபாயில் சரி செய்தால் எனக்கு என்ன மரியாதை?

செல்வம்: சரி, மரியாதைக்கு ஒரு ஜோடி ரப்பர் கையுறையும் வாங்கிக்கோ. பாத்திரம் கழுவும்போது போடணும். தண்ணீரில் ஊறுவது, காய்வது, மறுபடி ஊறுவது, இதுதான் இப்போ உன் நகத்துக்கு ஆகவே ஆகாது.

கவிதா: (முகம் மலர்ந்து) என்ன சொன்னீங்க? பாத்திரம் கழுவக் கூடாதா?

செல்வம்: கையுறை போட்டுக் கழுவு என்றேன்.

கவிதா: முதலில் சொன்னதை மட்டும் எழுதிக் கொடுங்க. கீழே கடை சீல் வையுங்க. மாமியாரிடம் காட்டணும். மாம்பழம் தோல் சீவுவதையும் சேர்த்துக்கோங்க, வீட்டில் ரெண்டு கூடை இருக்கு.

செல்வம்: நான் டாக்டர் இல்லைம்மா. நகம் மஞ்சளாத் தடித்தாலோ, பச்சையா மாறினாலோ தோல் டாக்டரைப் பாரு. அவர் எழுதினால் எழுதட்டும்.

கவிதா: பச்சையா மாறணுமா? அது மாற எவ்வளவு நாளாகும்?

செல்வம்: ஆசைப்படாதே! அது கிருமி.

கவிதா: சரி விடுங்க. கல்யாணத்தில் கையை எங்கே ஒளிப்பது?

செல்வம்: மருதாணி அரைத்து வை. நகமெல்லாம் சிவந்துவிடும், வெள்ளைத் தடம் அவ்வளவாத் தெரியாது. கறுப்புக் கோன் மட்டும் வேண்டாம். முடிச் சாயத்தில் போடுகிற பிபிடியை அதில் கலப்பாங்க, கை கொப்பளித்துவிடும்.

கவிதா: மருதாணி எவ்வளவு?

செல்வம்: உங்க வீட்டு வேலியிலேயே இருக்கே.

கவிதா: அது வேற இலவசமா! (பணத்தை வைக்கிறார்.) அண்ணா, ஒரு உதவி. நாத்தனாரும் ஜெல் வைக்கிறவள். என்ன வாங்கினேன் என்று கேட்பாள். ஒரு பெரிய பில் போடுங்களேன். பார்லரில் வீட்டுக்காரருக்காகக் குறைத்து எழுதித் தருவாங்க, நீங்க கொஞ்சம் கூட்டி எழுதுங்க.

செல்வம்: ஜிஎஸ்டியை யார் கட்டுவது?

கவிதா: பில் வேண்டாம், அந்தப் பெரிய கவரில் போட்டுக் கொடுங்க, போதும்.

செல்வம்: அது எக்ஸ்ரே கவர்.

கவிதா: அதேதான் வேணும்!